செமி-ஆட்டோமேட்டிக் ரைஃபிளுக்கு எண்ணெய் இடுதல்: எது, எங்கே, எவ்வளவு

எந்த எண்ணெய் சிறந்தது என்று துப்பாக்கிக்காரர்கள் மணிக்கணக்கில் வாதாடுவார்கள். ஆனால் பாதியில் சிக்கி நிற்கும் ரைஃபிளைப் பிரித்துப் பார்த்தால் குற்றம் பெரும்பாலும் பிராண்டில் இருக்காது. உராய்கிற இடம் காய்ந்து கிடக்கும், எண்ணெயே படக்கூடாத இடம் சொதசொதவென்று நனைந்திருக்கும். சுமாரான எண்ணெயைச் சரியான இடத்தில் இட்டால் ரைஃபிள் ஓடும். விலை உயர்ந்த எண்ணெயைத் தப்பான இடத்தில் இட்டால் ஓடாது. அதனால் எங்கே, எவ்வளவு என்ற கேள்விகளுக்கே இந்த வழிகாட்டியில் அதிக இடம்.

இங்கே சொல்வதெல்லாம் சட்டப்படி உரிமம் உள்ள துப்பாக்கிக்கானவை. உங்கள் மாடலின் கையேடு வேறு சொன்னால் கையேட்டைப் பின்பற்றுங்கள்.

எண்ணெய்க்கு அங்கே என்ன வேலை?

போல்ட்-ஆக்‌ஷன் ரைஃபிளைக் கை இயக்குகிறது. கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் கை கூடுதல் பலம் கொடுத்துவிடும். செமி-ஆட்டோவில் அந்த வசதி இல்லை. வெடிக்கும் தோட்டாவின் வாயுவோ பின்னுதைப்போ போல்ட்டை, அதாவது குழலின் பின்வாயை மூடும் உலோகத் தண்டை, பின்னுக்குத் தள்ளுகிறது. திரும்பி முன்னால் வந்து அடுத்த தோட்டாவை மேகசினிலிருந்து உருவி, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் சேம்பரில் செருகி, பூட்டுவதெல்லாம் ஒரு ஸ்பிரிங்கின் பலத்தில் மட்டுமே நடக்கிறது. பின்னோக்கிய பயணத்தில் வாயுவின் சக்தி தாராளம், முன்னோக்கிய பயணத்தில் ஸ்பிரிங்கின் சக்தி அளந்து வைத்தது. உராய்வு கூடினால் முதலில் அடிவாங்குவது இந்தத் திரும்பும் பயணம்தான். போல்ட் முழுதாக மூடாமல் நூலிழை இடைவெளியில் நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

உராய்வைக் குறைப்பதோடு எண்ணெய்க்கு இன்னும் இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, துருவைத் தடுப்பது. மற்றொன்று பலர் யோசிக்காதது: கரியை ஈரமாகவே வைத்திருப்பது. நனைந்த கரி துணியால் துடைத்தால் வந்துவிடும். காய்ந்து வெந்துபோன கரியைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுப்பது

பெரும்பாலோருக்கு ஒரு நல்ல சிஎல்பி போதும். சுத்தம் செய்வது, உயவிடுவது, துருவிலிருந்து காப்பது என மூன்றையும் ஒரே புட்டியில் தரும் கலவை இது. இதற்கான அமெரிக்க ராணுவத் தர வரையறையின் எண் மில்-பிஆர்எஃப்-63460. லேபிளில் இந்த எண் இருந்தால் குறைந்தபட்சத் தரத்துக்கு ஓர் உத்தரவாதம். மூன்று வேலை செய்யும் எதுவும் மூன்றிலும் முதலிடம் பிடிக்காது என்பதும் உண்மை. கனத்த கரியைக் கரைக்கத் தனி சால்வென்ட் இதைவிட வேகமானது, நீண்ட காலச் சேமிப்புக்குத் தனிக் காப்பு எண்ணெய் இதைவிட மேல். ஆனாலும் ஒரே புட்டிதான் வாங்குவேன் என்றால் இதையே வாங்குங்கள். டெஃப்லான் துகள் கலந்த சிஎல்பி என்றால் ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்குங்கள். துகள்கள் அடியில் தங்கிவிடும், குலுக்காமல் ஊற்றினால் மேலே நிற்கும் திரவம் மட்டுமே வரும்.

அடுத்தது துப்பாக்கிக்கென்றே வரும் சிந்தெடிக் எண்ணெய். சூட்டில் ஆவியாவது குறைவு, குளிரில் கெட்டிப்படுவதும் குறைவு. ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் சுடுபவர்களுக்கு சிஎல்பியை விட இது அதிக நேரம் தாங்கும்.

கார் இன்ஜின் எண்ணெய் இடலாமா என்று கேட்காதவர் இல்லை. இடலாம். 5டபிள்யூ-30 போன்ற முழு சிந்தெடிக் எண்ணெய் வேலை செய்யும். தேய்மானத்தைத் தடுக்கும் சேர்மானங்களும் கரியைத் தாங்கிப் பிடிக்கும் டிடர்ஜெண்டும் அதில் உண்டு. அதன் குறை வேறு இடத்தில் இருக்கிறது. மூடிய இன்ஜினுக்குள் பம்பு மூலம் சுற்றிக்கொண்டே இருப்பதற்காக உருவானது அது. திறந்த இரும்பின் மேல் வியர்வையையும் மழையையும் தாங்கி மாதக்கணக்கில் ஒட்டியிருப்பது அதன் வேலை இல்லை. அவசரத்துக்கு நல்லது, அலமாரியில் வைக்கும் துப்பாக்கிக்குப் போதாது.

கிரீஸ் என்பது சோப்புப் பொருளில் பிடித்து வைத்த எண்ணெய்தான். ஓடாமல் இட்ட இடத்திலேயே நிற்கும், பாரம் தாங்கும். அதன் கெட்டித்தன்மையை என்எல்ஜிஐ எண்ணால் குறிப்பார்கள். வாகன பேரிங்குகளுக்குப் போடுவது பெரும்பாலும் 2ஆம் எண். ரைஃபிளுக்கு 0 அல்லது 1 எளிதாகப் பரவும், வெயில் நாளில் 2ஆம் எண்ணும் சரிப்படும். 00 கிட்டத்தட்ட கெட்டியான எண்ணெய் போலவே இருக்கும். ‘சுழல்வதற்கு எண்ணெய், வழுக்குவதற்கு கிரீஸ்’ என்று பழைய ராணுவ ரைஃபிள்களுக்கு ஒரு விதி சொல்வார்கள். எம்1 கேரண்டுக்கு அது அப்படியே பொருந்தும். ஏஆர்-15 வகைக்கு அந்த விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற வேண்டாம். போல்ட்டைச் சுமந்து ஓடும் அதன் போல்ட் கேரியர் எண்ணெயில் ஓடுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது.

கிராஃபைட் தூளை அலுமினிய ரிசீவர் (போல்ட் ஓடும் நடு உடல்) உள்ள ரைஃபிளில் பயன்படுத்தாதீர்கள். கிராஃபைட்டும் அலுமினியமும் ஈரத்தில் ஒட்டியிருந்தால் மின்வேதி அரிப்பு தொடங்கும், அரிக்கப்படுவது அலுமினியம். ஏஆர் வகையின் ரிசீவர் அலுமினியம் என்பதை மறக்க வேண்டாம்.

தவிர்க்க வேண்டியவை இன்னும் சில. டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டுவதற்காக உருவானது. மழையில் நனைந்த துப்பாக்கியிலிருந்து தண்ணீரை வெளியேற்ற அருமையாக உதவும். ஆனால் அதன் பெரும்பகுதி ஆவியாகிப் போய், மிஞ்சுவது மெல்லிய படலம்தான். அதை உயவு என்று நம்பி ஒரு நாள் முழுதும் சுட முடியாது. தாவர எண்ணெய்கள் காற்றோடு சேர்ந்து பிசினாகும், பிறகு அரக்குப் போல் இறுகும். சிலிகோன் ஸ்ப்ரே ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் நல்லது, பாரத்தோடு உராயும் இரும்புக்கு இரும்பு இடையே அது பலவீனம். தையல் மெஷின் எண்ணெய் கெடுதல் செய்யாது, ஆனால் மிக மெல்லியது, சீக்கிரம் ஓடிவிடும்.

முதலில் காலி செய்தல்

வரிசை முக்கியம். துப்பாக்கி வாயைப் பாதுகாப்பான திசையில் வைத்து, சேஃப்டி போட்டாலும் போல்ட்டை இழுக்க முடிகிற மாடல் என்றால் அதைப் போட்டு, மேகசினைக் கழற்றுங்கள். அதன் பிறகே போல்ட்டை இழுத்துத் திறந்து நிறுத்துங்கள். மேகசினை உள்ளே விட்டுவிட்டு போல்ட்டை இழுத்தால் சேம்பரில் இருந்த தோட்டா வெளியே விழும், விட்டதும் புதிது ஒன்று உள்ளே ஏறிவிடும். காலியாகிவிட்டது என்று நினைக்கும்போது அது நிறைந்திருக்கும். சேம்பரைக் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலாலும் தொட்டுப் பாருங்கள். தோட்டாக்கள் எல்லாவற்றையும் வேறு அறைக்குக் கொண்டுபோய் வையுங்கள். இது பாதுகாப்புக்கு மட்டும் இல்லை, எண்ணெய்ப் புட்டி திறந்திருக்கும் மேசையில் தோட்டாக்களுக்கு வேலை இல்லை. காரணம் பின்னால் வருகிறது.

நைட்ரைல் கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். கரியில் ஈயம் கலந்திருக்கும். வேலை முடியும்வரை சாப்பிடவோ முகத்தைத் தொடவோ வேண்டாம்.

பழையதை எடுத்தல்

கையேடு சொல்லும் அளவுக்கு மட்டும் பிரியுங்கள். ஏஆர் வகையில் கேரியரின் மேலே இருக்கும் கேஸ் கீயின் (வாயுவை உள்ளே வாங்கும் சிறு குழாய்) திருகுகளைத் தொட வேண்டாம். அவை தளராதபடி தட்டி இறுக்கப்பட்டவை.

பழைய எண்ணெயின் மேலேயே புதிதை இட்டால் கரியும் மணலும் கலந்த தேய்ப்புப் பசையைத்தான் உண்டாக்குகிறோம். சால்வென்ட்டோ சிஎல்பியோ தடவி, பத்து நிமிடம் ஊறவிட்டு, நைலான் பிரஷால் தேய்த்து, பஞ்சுத் துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை துடையுங்கள். பிரேக் கிளீனர் நிமிடத்தில் எல்லாவற்றையும் கழுவித் தள்ளும், ஆனால் சில பிளாஸ்டிக் பாகங்களையும் மரத்தின் பாலிஷையும் கெடுக்கும். உலோகத் துளைகளில் இருந்த கடைசிச் சொட்டு எண்ணெயையும் அது எடுத்துவிடுவதால், அப்படியே விட்டால் துரு சீக்கிரம் பூக்கும்.

பழைய ராணுவ உபரித் தோட்டாக்களைச் சுட்டிருந்தால் ஒரு படி கூடுதல். அவற்றில் பலவற்றின் பிரைமரில், அதாவது மருந்தைப் பற்றவைக்க தோட்டாவின் அடியில் உள்ள சிறு மூடியில், பொட்டாசியம் குளோரேட் இருக்கும். அது எரிந்து விட்டுச்செல்வது பொட்டாசியம் குளோரைடு, அதாவது ஓர் உப்பு. காற்றின் ஈரத்தை இழுத்து ஒரே இரவில் குழலில் துருவேற்றும். உப்பை எண்ணெய் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். குழல், சேம்பர், கேஸ் பிஸ்டன், போல்ட் முகம் எல்லாவற்றையும் வெந்நீரால் கழுவி, முழுதாக உலர்த்தி, அதன் பிறகே எண்ணெய்க்கு வாருங்கள். உப்பின் மேல் எண்ணெய் இட்டு மூடுவது துருவை மூடி வளர்ப்பதுதான்.

எங்கே இடுவது: இரும்பே காட்டிக்கொடுக்கும்

சுத்தமாகத் துடைத்த போல்ட் கேரியரை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். கறுப்பு மேற்பூச்சின் நடுவே சில இடங்கள் மட்டும் கண்ணாடி போல் மின்னும். உலோகத்தோடு உலோகம் உராயும் இடங்கள் அவை. எண்ணெய் போக வேண்டியது அங்கே. மின்னாத இடத்தில் துருவுக்காகக் கண்ணுக்குத் தெரியாத படலம் போதும். எந்த மாடல் ரைஃபிளாக இருந்தாலும், கையேடு தொலைந்துபோயிருந்தாலும், இந்த ஒரு முறை ஏமாற்றாது. புத்தம்புது ரைஃபிளில் தேய்மானம் தெரியாது. 100 தோட்டா சுட்ட பிறகு பாருங்கள்.

அளவுக்கு இரண்டு சொற்களைப் பயன்படுத்துவோம். ‘லேசாக’ என்றால் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத படலம், எண்ணெய் நனைந்த துணியால் ஒரு முறை துடைத்தால் வருவது. ‘தாராளமாக’ என்றால் விரலால் தள்ளிப் பரப்பக்கூடிய அளவு, ஆனால் சொட்டக்கூடாது. அமெரிக்க ராணுவக் கையேடுகளும் ஏஆர்-15இன் ராணுவ வடிவமான எம்16 வகைக்கு இந்த இரண்டு அளவுகளைத்தான் சொல்கின்றன.

சொட்டு சொட்டாக இட ஊசிமுனைப் புட்டி சிறந்தது. ஊசி மழுங்கிய சிரிஞ்சும் உதவும். ஒரு சொட்டு ஏறத்தாழ 0.05 மில்லி.

ஏஆர்-15 வகை: படிப்படியாக

1. போல்ட். போல்ட்டின் வால்பக்கம் உள்ள மூன்று கேஸ் வளையங்களின் மேல் ஒரு சொட்டு இட்டு, விரலால் சுற்றித் தடவுங்கள். பூட்டும் லக்குகளின் (போல்ட்டின் முன்முனையில் பல் போல் புடைத்திருப்பவை) பின்பக்கத்தில்தான் பாரம் விழுகிறது, அங்கே இரண்டு சொட்டு பரப்புங்கள். போல்ட் முகத்தில், அதாவது தோட்டாவின் அடி உட்காரும் வட்டத்தில், எதுவும் வேண்டாம். வெற்றுக்கூட்டை இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டரின் பின்னுக்கு அரைச் சொட்டு போதும்.

2. ஃபயரிங் பின். பிரைமரை அடிக்கும் ஊசி இது. லேசாக மட்டும். எண்ணெய்த் துணியால் பிடித்து ஒரு முறை உருவினால் போதும். கிரீஸ் கூடவே கூடாது. குளிரில் கெட்டியாகி வேகத்தைத் தின்றுவிடும், பிரைமரில் அரைகுறை அடி விழும்.

3. கேம் பின். எல்லாரும் கஞ்சத்தனம் காட்டும் இடம் இது. போல்ட்டைத் திருப்பிப் பூட்டவும் திறக்கவும் வைப்பது இந்தச் சின்னப் பின்தான், உராய்வு மொத்தமும் இதன் பக்கங்களில். பின்னுக்கு ஒரு சொட்டு, கேரியரில் அது ஓடும் சாய்ந்த பள்ளத்துக்கு ஒரு சொட்டு. கிரீஸ் பிடித்தவர்கள் இந்த ஓரிடத்தில் அரிசி மணி அளவு கிரீஸ் இடலாம், மிதமான தட்பவெப்பத்தில் நன்றாக நிற்கும்.

4. கேரியர். கேரியரின் வெளியே நீளவாக்கில் நான்கு தண்டவாளங்கள் புடைத்திருக்கும்: கீழே இரண்டு, மேலே கேஸ் கீயின் இருபுறமும் இரண்டு. ரிசீவரைத் தொடுவது இவை மட்டுமே. ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு இட்டு, முழு நீளத்துக்கும் இழுத்து விடுங்கள். கேரியரின் வலப்பக்கத்தில் இரண்டு சிறு துளைகள் இருக்கின்றன, வாயு வெளியேறும் வழி. கூட்டிய பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு விட்டால் நேராகக் கேஸ் வளையங்களுக்குப் போய்ச் சேரும். கேஸ் கீயின் வெளிப்பக்கத்தை லேசாகத் துடைத்தால் போதும்.

5. சார்ஜிங் ஹேண்டில். போல்ட்டைக் கையால் இழுக்கும் பிடி இது. ரிசீவர் பள்ளத்தில் ஓடும் இரு காதுகளுக்கும் ஒவ்வொரு சொட்டு.

6. கீழ்ப்பகுதி. ஹேமர் பின், ட்ரிக்கர் பின் இரண்டின் முனைகளிலும் ஒவ்வொரு சொட்டு. ஹேமரும் அதைப் பிடித்து நிறுத்தும் சியரும் கொக்கி போல் மாட்டும் விளிம்பில் ஊசிமுனையால் அரைச் சொட்டு, அல்லது மிகச் சிறிதளவு கிரீஸ். போல்ட்டை முன்னால் திருப்பித் தள்ளும் பஃபர் ஸ்பிரிங்கை எண்ணெய்த் துணியால் உருவுங்கள். கன்னத்தருகே கேட்கும் ‘கிறீச்’ சத்தம் எரிச்சலூட்டினால் மெல்லிய கிரீஸ் படலம் இட்டால் அடங்கும். டேக்டவுன் பின்கள், மேகசின் பொத்தான், சேஃப்டி எல்லாம் லேசாக.

எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 20 சொட்டு, அதாவது 1 மில்லி. 120 மில்லி புட்டி நூற்றுக்கும் மேற்பட்ட தடவைக்கு வரும். மாதம் ஒரு புட்டி தீர்கிறது என்றால் பாதி எண்ணெய் துப்பாக்கிக்குப் போகவில்லை, உங்கள் சட்டைக்குப் போகிறது.

பார்க்கர் செய்த மேற்பரப்பு, அதாவது பாஸ்பேட் பூச்சு, நுண்துளைகள் கொண்டது. முதல் சில தடவை எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு காய்ந்ததுபோல் தோன்றும். அப்போது இன்னொரு கை இடுங்கள். நிக்கல்-போரான், குரோம் போன்ற வழவழப்பான பூச்சுகள் நேர்மாறு. சுத்தம் செய்வது எளிது, ஆனால் எண்ணெயைப் பிடித்து வைக்காது. எண்ணெயே தேவையில்லை என்று விளம்பரம் சொன்னாலும் நம்பாதீர்கள்.

கூட்டும் முன் ஒரு சோதனை. போல்ட்டை முன்னால் இழுத்துவிட்டு, போல்ட் முகம் கீழே படும்படி கேரியரை மேசையில் செங்குத்தாக நிறுத்துங்கள். கேரியர் தன் எடையிலேயே சரிந்து இறங்கினால் கேஸ் வளையங்கள் தேய்ந்துவிட்டன. எத்தனை சொட்டு இட்டாலும் தேய்ந்த வளையம் திரும்பி வராது, மாற்ற வேண்டியதுதான். மூன்று வளையங்களின் வெட்டுகளும் ஒரே கோட்டில் வந்துவிடுமோ என்ற கவலை மட்டும் வேண்டாம். அதனால் ரைஃபிள் நிற்பதில்லை.

மற்ற வகைகள்

ஏகே வகைக்குத் தேவை குறைவு. கேரியரின் பள்ளங்கள் ஓடும் ரிசீவர் தண்டவாளங்கள், போல்ட் லக்குகள், அவை திரும்பும் கேம் பள்ளம், ஹேமரின் மேல்முகம், ஸ்பிரிங் கம்பி. கேஸ் பிஸ்டனும் கேஸ் ட்யூபும் காய்ந்தே இருக்கட்டும். அங்கே இடும் எண்ணெய் முதல் மேகசினிலேயே வெந்து கரியாகும். கிடங்கில் வைப்பதாக இருந்தால் மட்டும் படலம் இட்டு, சுடும் முன் துடைத்துவிடுங்கள்.

எம்1 கேரண்ட், எம்14 இரண்டும் கிரீஸ் துப்பாக்கிகள். ஆப்பரேட்டிங் ராடு ரிசீவரில் ஓடும் பள்ளம், அதன் கேம் குழியில் போல்ட்டின் வலது லக் திரும்பும் இடம், போல்ட் லக்குகள் பூட்டும் பள்ளங்கள், ஹேமர் உராயும் போல்ட்டின் அடி, குழலின் அடியில் ராடு தொடும் இடம். ஒவ்வொன்றிலும் தீக்குச்சித் தலை அளவு. எம்14 போல்ட்டில் உள்ள உருளைக்குள் கிரீஸ் செலுத்தத் தனிக் கருவி உண்டு. கேஸ் சிலிண்டருக்குள் ஒரு பொட்டும் போகக்கூடாது.

எஸ்கேஎஸ் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அதன் ஃபயரிங் பின் பெரும்பாலான மாடல்களில் ஸ்பிரிங் இல்லாமல் தானாக ஆடுவது. கிடங்கிலிருந்து வந்த துப்பாக்கியில் காஸ்மோலின் என்ற கெட்டிக் காப்புப் பசை போல்ட்டுக்குள் இறுகியிருக்கும். பின் முன்னால் நீட்டியபடி ஒட்டிக்கொண்டால், போல்ட் மூடும்போதே விசையைத் தொடாமல் துப்பாக்கி வெடிக்கும், ஒன்றன்பின் ஒன்றாகவும் வெடிக்கலாம். போல்ட்டை முழுதாகப் பிரித்து, சூடாக்கியும் சால்வென்ட்டில் ஊறவைத்தும் பசையை நீக்குங்கள். போல்ட்டைக் காதருகே ஆட்டினால் பின் ‘கடகட’ என்று தாராளமாக ஆடும் சத்தம் கேட்க வேண்டும். அந்தப் பாதையில் கெட்டி எண்ணெயோ கிரீஸோ என்றைக்கும் வேண்டாம்.

.22 ரிம்ஃபயர் தோட்டாவின் ஈயக்குண்டில் மெழுகோ எண்ணெயோ ஏற்கெனவே பூசியிருக்கும். அதோடு நம் எண்ணெயும் எரியாத மருந்துத்தூளும் சேர்ந்தால் களிமண்தான். போல்ட்டின் பக்கங்களுக்கும் வழிகாட்டிக் கம்பிக்கும் இரண்டு மூன்று சொட்டு, அவ்வளவே.

படக்கூடாத இடங்கள்

சேம்பர் காய்ந்திருக்க வேண்டும். வெடிக்கும் நொடியில் பித்தளைக் கூடு விரிந்து சேம்பர் சுவரைப் பிடித்துக்கொள்ளும், பின்னோக்கிய அழுத்தத்தில் ஒரு பங்கை அந்தப் பிடிப்பு தாங்கும். எண்ணெய் இருந்தால் பிடி வழுக்கி, பாரம் முழுதும் போல்ட் லக்குகளில் விழும்.

குழலில் சேமிப்புக்காக எண்ணெய் தடவலாம், தடவவும் வேண்டும். சுடும் முன் இரண்டு காய்ந்த துணித்துண்டுகளை விட்டு இழுத்துவிடுங்கள். கிரீஸோ தேங்கிய எண்ணெயோ குழலில் இருந்தால் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். மெல்லிய படலமே மிஞ்சினாலும் முதல் குண்டு குறியிலிருந்து சற்று விலகும்.

மேகசின் உள்ளே காய்ந்தே இருக்கட்டும். அங்கே எண்ணெய் இட்டால் தூசியைக் கூப்பிட்டு உட்கார வைப்பதோடு, தோட்டாக்களையும் நனைக்கும். துளைத்து ஊடுருவும் எண்ணெய்கள் பிரைமரின் ஓரம் வழியே கசிந்து அதை மழுங்கடிக்கும். அப்படிப்பட்ட தோட்டா வெடிக்காமல் போனால் பரவாயில்லை. பிரைமர் மட்டும் வெடித்து மருந்து சரியாக எரியாவிட்டால் குண்டு குழலின் பாதியிலேயே சிக்கிக்கொள்ளும், அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும். வழக்கத்தை விட மெலிந்த சத்தம் கேட்டால் உடனே நிறுத்தி, காலி செய்து, குழலுக்குள் பாருங்கள்.

கூட்டிய பின்

போல்ட்டைப் பத்துப் பதினைந்து முறை இழுத்து விடுங்கள். பிறகு திறந்து பாருங்கள்: எண்ணெய் விளிம்புகளில் ஒதுங்கி நின்றால் அது மிகுதி, துடைத்துவிடுங்கள். தண்டவாளம் காய்ந்து தெரிந்தால் இன்னொரு சொட்டு. பிறகு கையேட்டில் உள்ளபடி சேஃப்டி, ட்ரிக்கர், ரீசெட் சோதனை. வெளிப்புற உலோகத்தை எண்ணெய்த் துணியால் துடைத்து முடியுங்கள். வியர்வை படும் இடங்களில்தான் துரு முதலில் தலைகாட்டும்.

தூசியும் குளிரும்

தூசி நிறைந்த இடத்தில் எண்ணெயைக் குறைக்க வேண்டும் என்பது பரவலான நம்பிக்கை. வெளியே தெரியும் பாகங்களுக்கு அது சரி. ஏஆர் வகையின் கேரியருக்குள் நிலைமை வேறு. அங்கே ஈரம் இருந்தால் துகள்கள் மிதந்து நகரும், காய்ந்திருந்தால் தண்டவாளத்தைச் சுரண்டும். 2007இல் அமெரிக்க ராணுவம் நான்கு வகைக் கார்பைன்களை, வகைக்கு 10 துப்பாக்கி, 60,000 தோட்டா வீதம் சுட்டு, கடும் தூசியில் சோதித்தபோது அவற்றுக்குத் தாராளமாகவே எண்ணெய் இட்டது. ஆகவே உள்ளே தாராளம், வெளியே உலர்வு, அடிக்கடி துடைத்துப் புதுப்பித்தல். எஜெக்‌ஷன் மூடியை, அதாவது வெற்றுக்கூடு வெளியேறும் வாயின் மூடியை, மூடியே வையுங்கள், எந்த எண்ணெயையும் விட அது அதிக மணலைத் தடுக்கும்.

உறைகுளிரில் கிரீஸை முழுதாக எடுத்துவிடுங்கள். புட்டியில் குறித்த குறைந்தபட்ச வெப்பநிலையைப் பார்த்து மெல்லிய எண்ணெயை லேசாக இடுங்கள். வெளியே கிடந்த துப்பாக்கியைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால் உள்ளும் புறமும் நீர் படியும், திரும்ப வெளியே போனால் அந்த நீர் பனிக்கட்டியாகிப் பாகங்களைக் கவ்வும். ஒன்று வெளியிலேயே உறையில் வையுங்கள், அல்லது உள்ளே கொண்டுவந்ததும் முழுதாகப் பிரித்து உலர்த்துங்கள். அரைகுறை வேண்டாம்.

எத்தனை தோட்டாவுக்கு ஒரு முறை

ஏஆர் வகையில் 200 முதல் 300 தோட்டாவுக்கு ஒரு முறை பிரிக்காமலே எண்ணெய் சேர்க்கலாம். காலி செய்து, போல்ட்டை மூடி, எஜெக்‌ஷன் மூடியைத் திறந்தால் அந்த இரண்டு துளைகளும் தெரியும். ஒவ்வொன்றிலும் இரண்டு சொட்டு. போல்ட்டைத் திறந்து நிறுத்தி, தெரிகிற தண்டவாளத்தில் ஒன்றிரண்டு. சைலன்சர் பொருத்தியிருந்தால் இந்த இடைவெளியைப் பாதியாக்குங்கள். வாயுவும் கரியும் பின்னோக்கி அதிகம் வரும்.

சுடும்போது வெற்றுக்கூடு முழுதாக வெளியேறாமல் மாட்டுகிறதா, காலி மேகசினில் போல்ட் பின்னால் நிற்க மறுக்கிறதா, போல்ட் கடைசி நூலிழை மூடவில்லையா? முதலில் அந்தத் துளைகளில் எண்ணெய் விட்டுப் பாருங்கள். சரியானால் காய்ந்து கிடந்ததுதான் காரணம். சரியாகாவிட்டால் மேலும் எண்ணெய் ஊற்றிக்கொண்டே போகாதீர்கள். வேறு மேகசின், வேறு தோட்டா, பிறகு கேஸ் கீ தளர்ந்திருக்கிறதா, வளையங்கள், எக்ஸ்ட்ராக்டர் ஸ்பிரிங் என்ற வரிசையில் தேடுங்கள். முகத்தில் துளிகள் தெறித்து, முதல் சில குண்டுகளில் புகை கிளம்பினால் மிகுதி என்று பொருள். ஆபத்தில்லை, ஆனால் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் சுடாதீர்கள்.

அலமாரியில் வைக்கும்போது

சில மாதங்கள் தொடப்போவதில்லை என்றால் குழல், போல்ட், வெளிப்புறம் எல்லாவற்றுக்கும் துருக்காப்பு எண்ணெய்ப் படலம் இடுங்கள். முதல் சில நாட்கள் குழல்வாய் கீழ்நோக்கி இருக்கட்டும். நிமிர்த்தி வைத்தால் எண்ணெய் மெல்ல இறங்கி ட்ரிக்கர் பகுதியில் தேங்கும், மரக்கட்டையில் ஊறினால் மரம் கறுத்து மிருதுவாகும். தோல் உறையிலும் நுரை வைத்த பெட்டியிலும் நாட்கணக்கில் வைக்காதீர்கள். இரண்டும் ஈரத்தைப் பிடித்து வைத்து உலோகத்தில் அழுத்தும். சிலிகா ஜெல் பை வைத்தால் நிறம் மாறியதும் உலர்த்துங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்துத் துடைத்துப் படலத்தைப் புதுப்பியுங்கள். அடுத்து சுடப்போகும் நாளில் துப்பாக்கிக்குப் பக்கத்தில் ‘குழலில் எண்ணெய்’ என்று எழுதிய சீட்டு இருந்தால் காய்ந்த துணியை விட மறக்கமாட்டீர்கள்.